நாயகன்

போடி பஸ் ஸ்டாண்டில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. ‘நாயக்கனூர்’ பலகையில் மட்டும்தான். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றி போடிமெட்டு வளைவுகளில் ஏறும் ஜீப்காரருக்கும் அது வெறும் போடிதான். உதிர்ந்த அந்தப் பாதியில் இருப்பது ‘நாயகன்’.

வடமொழியில் ‘நீ’ என்ற வினையடிக்கு ‘நடத்திச் செல்’ என்று பொருள். அதில் பிறந்தது நாயகன்: முன்னே நடத்திப் போகிறவன். விஜயநகரப் படைத்தலைவர்களும் மதுரை நாயக்கர்களும் போடிப் பாளையக்காரர்களும் சூடிய பட்டம் இதுவே. வரி வசூலித்தவர்கள், வாளெடுத்தவர்கள். நல்லவர்களா என்று பட்டம் விசாரிக்கவில்லை.

கதாநாயகனும் அப்படித்தான். பத்தாம் நூற்றாண்டு நாடக இலக்கணமான தசரூபகம் நாயகர்களை நால்வகையாக்கி, செருக்கும் வஞ்சமும் உள்ள ‘தீரோத்தத’னுக்கும் இடம் தருகிறது. நல்லவன்தான் ஹீரோ என்பது, என் கணக்கில், எம்.ஜி.ஆர். படங்கள் பழக்கிய ருசி. 1987-இல் மணிரத்னம் கடத்தல்காரர் வேலு நாயக்கரை நடுவில் நிறுத்தி, படத்துக்கே ‘நாயகன்’ என்று பெயர் வைத்தார். நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கிறான்; அவருக்கே தெரியவில்லை. நாயகன்தானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தாராவியே அவர் பின்னால் நின்றது.