உலாவி நிறுவலைத் தானியக்கமாக்கல்

உலாவி நிறுவலைத் தானியக்கமாக்கல் என்பது, ஃபயர்பாக்ஸ், குரோம் முதலிய இணைய உலாவிகளைக் கணினிதோறும் கையால் நிறுவுவதை விடுத்து, அவை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதி, அமைவு மேலாண்மைக் கருவி ஒன்றின் துணையால் எல்லாக் கணினிகளையும் அந்நிலைக்குக் கொண்டுவரும் முறையாகும். கல்லூரி ஆய்வகம், நூலகம், அலுவலகம், மென்பொருள் சோதனைக்கூடம் போன்று ஒரே வகைக் கணினிகள் பல இயங்கும் இடங்களில் இது கையாளப்படுகிறது.

இக்கருவிகளுள் முன்னோடியான சிஎஃப்என்ஜினை 1993இல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் மார்க் பர்ஜெஸ் உருவாக்கினார். பப்பெட் 2005இலும், செஃப் 2009இலும், ஆன்சிபிள் 2012இலும் வெளிவந்தன. பப்பெட்டும் செஃபும் வழக்கமாக ஒவ்வொரு கணினியிலும் முகவர் எனப்படும் சிறு நிரலை அமர்த்தி மையச் சர்வரிடமிருந்து விவரங்களைப் பெறுகின்றன. ஆன்சிபிள் முகவரின்றி எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பிலேயே லினக்ஸ் கணினிகளை அடைகிறது. இவற்றில் எழுதப்படுவது பெரும்பாலும் செயல்களின் வரிசையன்று, விரும்பும் நிலையின் விவரிப்பே. அந்நிலை ஏற்கெனவே அமைந்திருந்தால் எத்தனை முறை இயக்கினாலும் எதுவும் மாறாது என்னும் பண்பு ஐடெம்பொடென்ஸ் எனப்படும்.

பெரும்பாலான மென்பொருள்களுக்கு இவ்வளவே போதுமென்றாலும் உலாவிக்குப் போதாது. ஃபயர்பாக்ஸ் 2020இலும் குரோம் 2021இலும் தம் வெளியீட்டு இடைவெளியை நான்கு வாரங்களாகச் சுருக்கிக்கொண்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் இடையிலும் வருகின்றன. ஆன்சிபிளில் ‘பிரசன்ட்’ என்று குறித்தால் பழைய பதிப்பு இருந்தாலும் கருவி நிறைவடைந்துவிடும். ‘லேட்டஸ்ட்’ என்று குறித்தால் எந்தப் பதிப்பு வந்து அமரும் என்பது இயக்கும் நாளைப் பொறுத்ததாகிவிடும். எனவே நிறுவுவதைவிட, பதிப்பை மாற்றும் அதிகாரம் கருவிக்கா, இயங்குதளத்துக்கா, உலாவிக்கா என்பதைத் தீர்மானிப்பதே இத்துறையின் கடினமான பகுதி.

உபுண்டு 22.04இல் ஃபயர்பாக்ஸ் நிறுவல் இதற்குத் தக்க சான்று. அதன் களஞ்சியத்தில், அதாவது இயங்குதளம் மென்பொருள்களைப் பெறும் சேமிப்பிடத்தில், ஃபயர்பாக்ஸ் என்ற பெயரில் உள்ள, உபுண்டுவின் வழக்கமான டெப் வடிவத் தொகுப்பு உலாவியையே கொண்டதன்று. தனித்த அடைப்புக்குள் இயங்கும் ஸ்னாப் வடிவ உலாவியை இழுத்துவரும் இடைத்தொகுப்பே அது. ஸ்னாப் சேவையோ இயல்பாக நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிப்புகளைத் தேடுவதால், ஏப்டி என்னும் தொகுப்பு மேலாளரை மட்டும் நம்பி எழுதிய கோப்புக்குப் பதிப்பின் மீது பிடி இருப்பதில்லை. மோசில்லா 2024 தொடக்கத்திலிருந்து தன் சொந்தக் களஞ்சியத்தில் ஃபயர்பாக்ஸின் டெப் தொகுப்பை அளித்துவருகிறது. ஆயினும் அதைச் சேர்த்தால் மட்டும் பயனில்லை. உபுண்டுவின் இடைத்தொகுப்பு தன் பதிப்பெண்ணின் முன் ‘1:’ என்ற, ஒப்பீட்டில் முதலில் கருதப்படும் ஊழி எண்ணைக் கொண்டிருப்பதால், ஏப்டி அதையே எப்போதும் புதியதாகக் கருதும். ஆகவே களஞ்சிய முகவரி, கையொப்பச் சாவி ஆகியவற்றுடன், மோசில்லாவுக்கு 1000 என்ற முன்னுரிமை தரும் கோப்பையும் கருவி எழுதிவைக்க வேண்டும். அந்த அளவு முன்னுரிமை இருந்தால்தான், எண்ணளவில் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றும் மாற்றத்தை ஏப்டி ஏற்கும்.

குரோமின் சிக்கல் வேறு வகையானது. அதன் டெப் தொகுப்பு நிறுவப்படும்போது கூகுளின் களஞ்சியக் குறிப்பைத் தானே எழுதிவிடுகிறது. கருவியும் அதே களஞ்சியத்தை வேறொரு கோப்பில் பதிந்தால் ஒரே வரவு இருமுறை ஏறி, ஏப்டி எச்சரிக்கைகளை உமிழும். தொகுப்பின் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை இயல்நிலை அமைவுகளுக்கான அடைவில் முன்கூட்டியே வைத்தால், தொகுப்பு தன் களஞ்சியத்தைச் சேர்க்காமல் ஒதுங்கும் எனக் கூகுள் குறிப்பிடுகிறது.

நிறுவிய பின் முகப்புப் பக்கம், ப்ராக்ஸி, நீட்சிகள் ஆகியவற்றை வரையறுக்கக் கொள்கைக் கோப்புகள் உள்ளன. ஃபயர்பாக்ஸ் 2018இல் 60ஆம் பதிப்பில் இவ்வசதியைப் பெற்றது; தானாகப் புதுப்பித்துக்கொள்வதைத் தடுக்கவும் அதில் ஒரு கொள்கை உண்டு. அதை இயக்கிவிட்டுப் புதுப்பிப்புக்கு மாற்றுவழி வகுக்காமல் விடுவது, தொடக்க நிலை நிர்வாகிகள் செய்யக்கூடிய மிக ஆபத்தான பிழை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருமுறை மட்டுமே பெரும் மாற்றம் காணும் ஃபயர்பாக்ஸின் ஈஎஸ்ஆர் என்னும் நீடித்த ஆதரவுப் பதிப்பு, பல கணினிகளை ஒருசேர நிர்வகிக்கும் இடங்களுக்கு ஏற்றது.

விண்டோசில் எம்எஸ்ஐ என்னும் நிறுவல் கோப்புகளும் சாக்லேட்டி என்னும் தொகுப்பு மேலாளரும், மேக்கில் ஹோம்புரூ என்னும் தொகுப்பு மேலாளரும் நிறுவல் பணிக்குப் பயன்படுகின்றன. சோதனைக் கணினிகளில் மட்டும் தேவை தலைகீழானது: சோதனை நிரல்கள் குரோமை இயக்க உதவும் குரோம்டிரைவர் என்னும் இயக்கி உலாவியின் முதன்மைப் பதிப்பெண்ணோடு பொருந்தியாக வேண்டுமாதலால், உலாவி தானாக முன்னேறக் கூடாது. இதற்கெனவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாத தனி வடிவம் ஒன்றைக் கூகுள் 2023இல் வெளியிட்டது.