கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படம்

இணையத்தில் கோப்புப் பட்டியல் ஒன்றைத் திறந்தால், சில தளங்களில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு குட்டிப் படம் இருக்கும். மஞ்சள் உறை என்றால் அடைவு, கோடு போட்ட தாள் என்றால் எழுத்துக் கோப்பு. கெவின் ஹியூஸ் என்பவர் மொசைக் உலாவிக்காக உருவாக்கிய படங்கள், பிறகு அப்பாச்சி வழங்கியோடு உலகம் முழுக்கப் போயின. படம் காட்டாத உலாவிகளில் அதே இடத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்றெழுத்து வரும். நல்ல ஏற்பாடுதான்!

ஆனால் தமிழுக்கு அது போதவில்லை. எங்கள் திருத்தணி முருகனைப் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழைத் தேடி மதுரைத் திட்டத் தளத்துக்குப் போனவர்களுக்கு இது புரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வத் திட்டம் அது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம். அங்கே ஒரே நூல் திஸ்கியில் ஒன்று, யுனிகோடில் ஒன்று, பிடிஎஃப் ஒன்று என்று கிடைக்கும். முதல் இரண்டும் வலைப்பக்கங்களே, ஆகவே படம் போட்டால் இரண்டுக்கும் ஒரே படம்தான்! திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் முருகன் பெயருக்குப் பதிலாகப் புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வரும். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு சுமந்து வரும். ஆனால் கோப்பு பெரிது, தொலைபேசி இணைப்பில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் அங்கே வடிவத்தின் பெயரையே எழுத்தில் போட்டார்கள். என்னைக் கேட்டால், படத்தைவிட அதுவே மேல்.

2010-இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. பழைய திஸ்கி கோப்புகளைப் படிக்க மட்டும் இன்றும் எழுத்துரு மாற்றி தேவைப்படுகிறது.