புல் இல்லாத கிரீன்

ஏற்காட்டில் ஒரு பந்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அது பத்தடி கீழே போயிருக்கும். சேர்வராயன் மலையின் வாகு அப்படி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் சரிவுகள் ஒவ்வொன்றாக எஸ்டேட் ஆயின. கோல்ஃபுக்கு வேண்டிய அகலமான புல்வெளி பழனி மலையிலும் நீலகிரியிலும்தான் தாராளம். கோடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-லேயே வந்துவிட்டது.

ஆனால் பழைய சேலம் ஜில்லாவுக்கும் கோல்ஃபுக்கும் இடையில் இன்னொரு நூல் ஓடுகிறது. அதன் மறுமுனை கோலார் தங்க வயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கமிருந்தும் சனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஆண்கள் பூமிக்கடியில் இறங்கினார்கள். மேலே, சயனைடு மண்மேடுகளுக்குப் பக்கத்தில், துரைகள் கோல்ஃப் ஆடினார்கள். உள்ளூர்ப் பையன்கள் பையைத் தூக்கினார்கள்.

அந்த மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது. வறண்ட ஊரில் அத்தனை தண்ணீருக்கு எங்கே போவது? மணலில் எண்ணெய் கலந்து அழுத்திப் பரப்பிவிடுவார்கள். பழுப்பாக இருப்பதால் அதற்கு ‘பிரவுன்’ என்று பேர். பச்சையாக இருந்தால் கிரீன், இல்லையென்றால் பிரவுன். பெயர் வைத்தவர் ரொம்ப மெனக்கெடவில்லை.

இங்கேதான் ஷார்ட் பிட்ச் ஷாட்டின் கதை சுவாரசியமாகிறது. குழிக்கு முப்பது நாற்பது கெஜம் இருக்கும்போது பந்தை மேலே தூக்கி, மெத்தென்று இறக்கி, அதிகம் ஓடாமல் நிறுத்துவதுதான் பிட்ச். இன்றைக்கு எந்தக் கோச்சிடம் போனாலும் ‘பவுன்ஸைப் பயன்படுத்து’ என்பார். வெட்ஜ் மட்டையின் அடிப்பாகம் அதன் முன்விளிம்பைவிடச் சற்றுக் கீழே புடைத்திருக்கும். அந்தக் கோணம்தான் பவுன்ஸ். முன்விளிம்பை முதலில் இறக்கினால் மட்டை மண்வெட்டி மாதிரி தரையில் குத்தி நிற்கும். பந்து இரண்டடி நகரும், மானம் போகும். மட்டை முகத்தைக் கொஞ்சம் திறந்து, கைகளைப் பந்துக்கு ரொம்ப முன்னே தள்ளாமல், உடம்பைத் திருப்பிக்கொண்டே அடித்தால் அடிப்பாகம் புல்மீது வழுக்கிப் போகும். கல்லில் ஒட்டாமல் தோசைக்குக் கீழே நுழையும் திருப்பி மாதிரி.

இது ஆதிகாலத்து ஞானம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜீன் சாரசென் என்ற அமெரிக்கர் 1931 வாக்கில் விமானத்தில் பறந்தபோது, இறக்கையின் மடிப்பு அசைந்ததும் விமானம் எழும்புவதைக் கவனித்தாராம். வீட்டுக்கு வந்து மட்டையின் பின்புறத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டினார். 1932 பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயித்தார். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம், சொன்னது அவரேதான். எப்படியானாலும், நாம் ‘சரியான டெக்னிக்’ என்று படிப்பதில் பெரும்பகுதி அந்த ஈயத்துக்குப் பிறகு வந்தது. மணல்குழிக்காகச் செய்த மட்டை, பிறகு நீர் பாய்ச்சி வளர்த்த மெத்தைப் புல்லுக்கும் பொருந்திப்போனது.

பிரவுனைச் சுற்றி இருப்பது கட்டாந்தரை. அங்கே பவுன்ஸ் உதவாது, கவிழ்த்துவிடும். புடைத்த அடிப்பாகம் இறுகிய மண்ணில் பட்டுத் துள்ளும். முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் மோதும். பந்து தலைதெறிக்க எதிர்ப்பக்கம் ஓடும். அதனால் அங்கே ஆடுபவர்கள் ஏழாம், எட்டாம் நம்பர் அயனை எடுக்கிறார்கள். பந்தைப் பின்காலுக்குப் பக்கம் வைத்து, மணிக்கட்டை மடக்காமல், தாழ்வாகத் தட்டி, தரையிலேயே உருட்டி விடுகிறார்கள். யூடியூப் பாடத்தில் இதைப் பிட்ச் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்தின் பழைய கடற்கரை மைதானங்களில் ஆடியதும் ஏறத்தாழ இதுதான். காற்றும் இறுகிய மண்ணும் உள்ள இடத்தில் பந்தை ஆகாயத்தில் விடுவது முட்டாள்தனம். ‘மேஷி’ என்ற மட்டையால் உயரமாக அடித்து கிரீனில் நிறுத்திக் காட்டிப் பேர் வாங்கியவர் ஜே. எச். டெய்லர். 1894-ல் அவர் முதன்முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். ஆக, ஒரு மட்டையை இரவல் வாங்கி பிரவுனில் உருட்டிப் பழகிய கேடிப் பையன், தெரியாமலேயே, துரையின் தாத்தா ஆடிய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். துரைக்கும் அது தெரிந்திருக்காது.

இதை நான் ரொமான்டிசைஸ் செய்ய விரும்பவில்லை. உருட்டத் தெரிந்தவனுக்குப் புல்தரைப் போட்டியில் தூக்கவும் தெரிந்தாக வேண்டும். அதற்குப் புல் வேண்டும், வெட்ஜ் வேண்டும், உள்ளே விடுகிற கிளப் வேண்டும். இந்தியாவில் அந்தக் கதவு திறந்தது ரொம்பத் தாமதம். இந்தியன் ஓப்பன் 1964-ல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் டெல்லியின் அலி ஷேர், 1991-ல். கேடியாக இருந்தவர். 1993-ல் மறுபடியும் வென்றார். 2009-ல் பெங்களூரு முனியப்பா, அவரும் முன்னாள் கேடி, பிளே-ஆஃபில் கொரியாவின் லீ சுங்கைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தார்.

கோலார் தங்க வயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சயனைடு மேடுகள் அப்படியே இருக்கின்றன. காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூசு ஊருக்குள்ளே, வீடுகளுக்குள்ளே வந்து படிகிறது.