பார்க்: வேலிக்குள் பிறந்த சொல்

'பார்க்' என்றால் இன்று யாரும் காற்று வாங்கப் போகிற பொது இடம். சொல் பிறந்தபோது கதையே வேறு. பழைய பிரெஞ்சில் அது வேட்டை விலங்குகளுக்காக வளைத்துப் போட்ட நிலத்தைக் குறித்தது. அதன் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. குதிரைகளை அடைக்கும் வேலியிட்ட வெளியைக் குறிக்கும் 'பேடக்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான்.

1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்களுக்குப் பின் இந்தச் சொல் அங்கே நிலைகொண்டது. மான்களைச் சுற்றி அகழி, அதை ஒட்டி மரவேலி. மான் உள்ளே, குடியானவர் வெளியே.

18-ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் ரசனை மாறியது. மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி அடிவானம்வரை ஓட வேண்டும், வேலி கண்ணில் படக்கூடாது. அதற்கு வந்ததுதான் 'ஹா-ஹா'. ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு என்று வெட்டிய பள்ளம். மேயும் மாடு காட்சியில் தெரியும், தோட்டத்துக்குள் ஏற முடியாது.

மாடு மட்டுமல்ல, ஊரே காட்சிக்கு இடைஞ்சலானது. டார்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபு ஜோசப் டேமர், தன் மாளிகையை ஒட்டியிருந்த மிடில்டன் என்ற சந்தை ஊரை 1770-களிலிருந்து படிப்படியாக இடித்தார். கடை, விடுதி, வீடு எல்லாம் போயின. நிலக்காட்சியை வடிவமைத்தவர் 'கேப்பபிலிட்டி' பிரவுன். குடியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, மாளிகையின் கண்ணுக்கு எட்டாத பள்ளத்தாக்கில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற கூரை வீடுகள் கிடைத்தன. மில்டன் அபாஸ் என்ற அந்தக் கிராமம் இன்று சுற்றுலாத் தலம்.

ஓவியமும் உடைமைக்கு இணங்கியது. ஜான் கான்ஸ்டபிள் 1816-இல் வரைந்த 'வைவன்ஹோ பார்க்' அந்த எஸ்டேட்டின் உரிமையாளர் கேட்டு வரைந்தது. அவர் காட்ட விரும்பியதெல்லாம் திரைச்சீலையில் அடங்கவில்லை. ஓவியர் இருபுறமும் துண்டுத் துணி தைத்து அகலப்படுத்தினார். இடது ஓரத்தில் கழுதை வண்டியில் வீட்டுப் பெண்பிள்ளை, நடுவே ஏரியில் வலை இழுக்கும் ஆட்கள். உழைப்பவர்கள் முகம் தெரியாத அளவுக்குச் சிறியவர்கள்.

இந்த ஆங்கிலேய ரசனை கடல் தாண்டி நியூயார்க் போனது. அங்கே சென்ட்ரல் பார்க் எழுந்த நிலத்தில் செனெகா வில்லேஜ் இருந்தது. 1825-இல் கறுப்பின மக்கள் மனை வாங்கிக் குடியேறிய ஊர் அது. 1855-இல் சுமார் 225 பேர் வாழ்ந்தார்கள், மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளியும் இருந்தன. நியூயார்க் மாநிலத்தில் அன்று 250 டாலர் சொத்து இருந்தால்தான் கறுப்பின ஆணுக்கு ஓட்டு, வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே நிலம் வெறும் குடியிருப்பு அல்ல, ஓட்டுரிமையும் அதுவே. 1857-இல் நகரம் நிலத்தைக் கையகப்படுத்தி எல்லோரையும் வெளியேற்றியது. பத்திரிகைகள் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று ஏசின.

2011-இல் அங்கே நடந்த அகழாய்வில் ஒரு வீட்டின் கல் அடித்தளமும், இரும்புக் கெண்டியும், குழந்தையின் காலணியும் கிடைத்தன. அந்தப் பழி பொய் என்பதற்குப் பத்திரமும் சாட்சி, மண்ணும் சாட்சி. பார்க்குகளின் அழகை ஓவியமாக மாட்டிவைக்கும் அருங்காட்சியகங்கள், அந்த மண்ணிலிருந்து யாரேனும் அகற்றப்பட்டிருந்தால் அதையும் பக்கத்துக் குறிப்பில் எழுத வேண்டும்.