சபையில் எழுந்து நின்ற சாட்சிகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உடல்நல வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் தேவாலயம் குறுக்கே வந்து நிற்கிறது. நல்லதுக்கும் வருகிறது, கெட்டதுக்கும் வருகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1915-ல் புக்கர் டி. வாஷிங்டன் கறுப்பின மக்களுக்காக ஒரு தேசிய சுகாதார வாரத்தைத் தொடங்கினார். போதகர்களும் பிரசங்கத்தில் சுகாதாரம் பேசினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிறம் பார்த்த காலம் அது. அவர்களுக்கென்று சொந்தமாக இருந்த பொது இடம் சர்ச்தானே?

கெட்டது 1932-ல், அலபாமாவின் மேக்கன் கவுன்ட்டியில் தொடங்கியது. ‘கெட்ட ரத்தம்’ இருக்கிறதா என்று பார்க்க, அரசு மருத்துவர்கள் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் வைத்து ரத்தம் எடுத்தார்கள். சிபிலிஸ் இருந்த 399 ஆண்களிடம் என்ன நோய் என்றே சொல்லவில்லை. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. விஷயம் பத்திரிகையில் வெடித்த 1972 வரை, 40 வருஷம் இது நடந்தது. டஸ்கிகீ ஆய்வு என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான்.

அதற்கப்புறம் யாராவது வந்து, ‘இலவசமா டெஸ்ட் பண்றோம், வாங்க’ன்னா? பயப்படத்தானே செய்வார்கள்!

பயம் ஒரு பக்கம், காசில்லாதது இன்னொரு பக்கம். 1967-ல் ஹார்லெம் ஆஸ்பத்திரிக்கு வந்த அறுவை மருத்துவர் ஹெரால்ட் ஃப்ரீமேன் பார்த்தது அதன் விளைவைத்தான். மார்பகப் புற்றுநோயோடு வந்த பெண்களில் சுமார் பாதிப் பேர், நோய் முற்றிய பிறகே வந்தார்கள்.

இங்கேதான் ஆர்கன்சாஸில் 1990-களின் தொடக்கத்தில் உருவான ‘விட்னஸ் புராஜெக்ட்’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மூர் சபைகளில் ‘சாட்சி சொல்றது’ என்பார்களே, அதேதான். போதகர் இடம் கொடுப்பார். ஆனால் பேசுவது டாக்டர் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்து பிழைத்த கறுப்பினப் பெண்கள், தங்களைப் போன்ற பெண்கள் முன்னால் எழுந்து நின்று, ‘எனக்கு வந்தது, இதோ இருக்கிறேன்’ என்று தங்கள் கதையைச் சொன்னார்கள். கேட்டவர்களிடையே மேமோகிராம் எடுப்பது கூடியது. பிறகு வேறு மாநிலங்களுக்கும் இந்தத் திட்டம் பரவியது.

டஸ்கிகீயில் சர்ச்சின் நம்பிக்கையை வெளியாட்கள் இரவல் வாங்கினார்கள். இங்கே அந்தச் சபையின் பெண்களே பேசினார்கள். வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கதை சுபமாக முடியவில்லை. அமெரிக்காவில் இன்றும் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. சாவு விகிதமோ சுமார் 40% அதிகம். கட்டி இருப்பது தெரிந்த பிறகு காப்பீடு, விடுப்பு, வண்டிச் செலவு எல்லாம் யார் பார்ப்பது? 1990-ல் ஃப்ரீமேன், நோயாளியோடு கூடவே நடந்து வழிகாட்ட ஆட்களை வைத்தது இதற்காகத்தான். போதகர் பரிசோதனை வரைக்கும் அனுப்பி வைக்கலாம். அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணுக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.