யப்பானுக்கு வந்த வள்ளங்கள்

யப்பானைப் பற்றி எங்களில் கனபேரிடம் ஒரு கதை இருக்கிறது. தனித் தீவு, ஒரே இனம், ஒரே மொழி, வெளி ஆட்கள் தொடாத பழைய பண்பாடு. அனிமே பார்த்து வளர்ந்த ஆட்களும் இதைச் சொல்லுவினம், "கலப்பில்லாமல் இருந்ததால்தான் யப்பான் முன்னேறினது" எண்டு மேடையில் பேசுகிற ஆட்களும் சொல்லுவினம். ஆனால் அந்தத் தீவுகளின் வரலாற்றைத் தொடக்கத்தில் இருந்து வாசித்தால் இந்தக் கதை நிற்காது.

பானையில் இருந்து தொடங்குவோம். வடக்கே அவோமொரியில் கிடைத்த மட்பாண்டத் துண்டுகள் ஏறத்தாழ 16,000 ஆண்டுகள் பழையவை. உலகின் மிகப் பழைய மட்பாண்டங்களில் அவையும் அடங்கும். பிறகு வந்த பானைகளில் கயிற்றை ஈரமண்ணில் அழுத்திக் கோலம் போட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்துக்கு ஜோமோன், அதாவது "கயிற்றுத் தடம்" எண்டு பெயர். விவசாயம் வந்த பிறகுதான் பானை வரும் எண்டு பொதுவாக நினைப்போம். இங்கே பானை முதலில் வந்தது. இவர்கள் மீன் பிடித்தும், வேட்டையாடியும், காட்டுக் கொட்டைகள் சேர்த்தும் வாழ்ந்தவர்கள். சன்னாய் மருயாமா என்ற இடத்தில் ஒரே குடியிருப்பில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு மீற்றர் விட்டமுள்ள மரத்தூண்களை அங்கே நட்டிருக்கிறார்கள்.

நெல் பிறகு வந்தது. கி.மு. முதலாம் ஆயிரமாண்டில் கொரியத் தீபகற்பத்தில் இருந்து வந்தவர்கள் கியூஷூவின் வடக்கில் வயல் வெட்டினார்கள். உலோகமும் அந்த வழியால்தான் வந்தது. வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்தார்கள். இன்றைய யப்பானியரின் மரபணுவில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜோமோன் மக்களின் பங்கு அதிகமாக இருப்பது வடக்கே அய்னு மக்களிடமும் தெற்கே ஒக்கினாவா மக்களிடமும். "ஆர் முதல்ல வந்தது?" எண்டு கேட்டால், பிற்காலத்து அரசு ஓரம் தள்ளிய இந்த ஆட்களைத்தான் முதலில் காட்ட வேண்டி வரும்.

எழுத்தும் மதமும் இப்படித்தான். ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொரியாவின் பெக்ஜே அரசில் இருந்து பௌத்தம் போனது. எழுத்து சீனாவுடையது. ஆனால் சீன எழுத்து யப்பானிய மொழிக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதைச் சுருக்கி, ஒலிக்கு எழுதக்கூடிய கானா எழுத்துகளை உருவாக்கினார்கள். ஆண்கள் சீன மொழியில் எழுதுவதைப் பெருமையாக நினைத்த காலத்தில், கானாவின் ஒரு வடிவத்தைப் "பெண் கை" எண்டே அழைத்தார்கள். அந்தப் பெண் கையில்தான் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிக்கிபு 'கெஞ்சியின் கதை'யை எழுதினார். இன்று யப்பானிய இலக்கியத்தின் உச்சமாகக் கொண்டாடப்படுவது அந்த நூல்.

1543இல் தனெகஷிமா தீவில் ஒரு சீனக் கப்பல் ஒதுங்கியது. அதில் போர்த்துக்கேயர் இருந்தார்கள், அவர்களிடம் துவக்கு இருந்தது. உள்ளூர்க் கொல்லர்கள் கெதியாகவே அதைப் பார்த்துச் செய்யப் பழகிவிட்டார்கள். 1575இல் நகஷினோ போரில் துவக்குப் படை பெரிய பங்கு வகித்தது. 1549இல் பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் அவர் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடையில் வாங்கும் பாணுக்கும் யப்பானியர் "பன்" எண்டு சொல்வதற்கும் ஒரே போர்த்துக்கேயச் சொல்தான் வேர்.

இதற்குப் பிறகுதான் "கதவை மூடிய யப்பான்" வருகிறது. தொக்குகாவா ஆட்சி 1614இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. 1635இல் யப்பானியர் வெளிநாடு போவதைத் தடுத்தது. ஷிமபராவில் வரிச்சுமை தாங்காத விவசாயிகளும் கிறிஸ்தவர்களும் 1637இல் எழுந்தபோது, அடுத்த வருடமே அவர்களைக் கொன்று முடித்தது. அந்தக் கோட்டையைக் கப்பலில் இருந்து சுட்டு அரசுக்கு உதவியது ஒல்லாந்தக் கம்பனி. இருபது வருடம் கழித்து, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் இதே கம்பனிதான்.

ஆனால் கதவு முழுசாக மூடப்படவில்லை. 1641இல் ஒல்லாந்தரை நாகசாக்கியில் உள்ள தெஜிமா என்ற செயற்கைத் தீவில் இருத்தினார்கள். நீளம் ஏறத்தாழ 120 மீற்றர், அகலம் 75 மீற்றர், அவ்வளவுதான். சீன வணிகர்களும் நாகசாக்கிக்கு வந்தார்கள். கொரியாவோடு ட்சுஷிமா வழியாகவும், ரியூக்கியூவோடு சட்சுமா வழியாகவும், அய்னு மக்களோடு மட்சுமாயே வழியாகவும் வியாபாரம் நடந்தது. எது உள்ளே வரலாம் என்பதை அரசு தீர்மானித்தது, அவ்வளவுதான்.

அந்தச் சின்ன இடுக்கால் வந்தவையும் பண்பாட்டை மாற்றின. 1771இல் எதோவில் சில மருத்துவர்கள் ஒல்லாந்த உடற்கூற்றுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சடலம் அறுக்கப்படுவதைப் பார்த்தார்கள். படத்தில் இருந்தபடியேதான் உள்ளேயும் இருந்தது. 1774இல் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். அண்டைக்கு அறுத்துக் காட்டியவர் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட சமூகத்து முதியவர். புகழ் மருத்துவர்களுக்குப் போனது. யப்பானின் அடையாளமாகவே மாறிவிட்ட ஹொக்குசாயின் பேரலைப் படத்தில் உள்ள ஆழ்ந்த நீலமும் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட சாயம்தான்.

"ஒரே இனம்" என்ற கதைக்கு விலை கொடுத்தவர்களும் இருக்கினம். அய்னு மக்களைப் பூர்வகுடிகள் எண்டு யப்பானியச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2019இல்தான். தூய்மைக்கு உதாரணமாக யாராவது யப்பானைக் காட்டினால், எந்த வருடத்து யப்பான் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.