நான்கு எழுத்து பிறந்த கதை

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியத்தின் வேலை அது. அந்த ஒளியை முப்பட்டகத்தில் பிரித்தால் தனித்தனிக் கோடுகள் தெரியும். 1870களின் கடைசியில், கேம்பிரிட்ஜில் லிவிங், டியூவர் இருவரும் சோடியம், பொட்டாசியம் ஆவிகளின் கோடுகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். சில, ஊசியால் கீறியதுபோல் கூராக இருந்தன. சில, ஈரத்தாளில் விழுந்த மைபோல் ஓரம் கலைந்திருந்தன. ஏன் என்று புரியவில்லை. கண்ணில் பட்டதே பேரானது: ஷார்ப், டிஃப்யூஸ்.

சுவீடனில் ரிட்பெர்க் 1890 வாக்கில் கோடுகளைக் கணக்கில் கட்டினார். எல்லாவற்றிலும் பளிச்சென்ற வரிசை பிரின்சிபல் ஆனது. 1907–08இல் பெர்க்மான் அகச்சிவப்பில் இன்னொரு வரிசையைப் பிடித்தார். அதன் எண்கள் ஹைட்ரஜனோடு ஒத்துப்போகவே, இதுதான் ஆதார வரிசை என்று நம்பி ஃபண்டமென்டல் என்றார்கள். அது பிசகு, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான்கு பேரும் தயார். அவை எதன் பேர்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

1913இல் நீல்ஸ் போர் வழி காட்டினார்: எலக்ட்ரான் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது கோடு பிறக்கிறது. பிறகு அவர் பெரிய பந்தயமே கட்டினார். 72ஆம் தனிமம் அரிய மண் வகை, அதைக் கண்டுபிடித்தாயிற்று என்றார் பாரிஸின் உர்பேன். இல்லை, எலக்ட்ரான் அடுக்கின்படி அது சிர்கோனியத்தின் உறவு என்றார் போர். 1922 டிசம்பர் 11, ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரை. அதற்குச் சற்று முன் கோபன்ஹேகனிலிருந்து தொலைபேசி வந்தது.

சிர்கோன் கனிமத்துக்குள்ளேயே 72 இருந்தது! கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிரில் பிடித்துவிட்டார்கள். உரையின் முடிவில் போர் அதை அறிவித்தார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தாளில் அடுக்கிய எலக்ட்ரான்கள் ஒரு தனிமத்தின் இருப்பிடத்தையே காட்டிக்கொடுத்தன. அதற்கு ஹாஃப்னியம் என்று பேர்.

ஓர் அடுக்கின் உட்பிரிவுகள் ஒவ்வொன்றும் எத்தனை எலக்ட்ரான்களைக் கொள்ளும் என்ற கணக்கை ஸ்டோனர் 1924இலும் பவுலி 1925இலும் முடித்தார்கள்: 2, 6, 10, 14. அந்த உட்பிரிவுகளுக்குப் பேராகப் பழைய பேர்களின் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியது: எஸ், பி, டி, எஃப். 3டி காலியாக இருக்க, பொட்டாசியத்தின் 19ஆவது எலக்ட்ரான் 4எஸ்ஸில் ஏறும் விசித்திரத்துக்கு 1936இல் மாடெலுங் விதி எழுதினார்.

காட்டுப்பாக்கத்தில் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி ரஃப் நோட்டில் அந்த விதிக்கான சாய்வு அம்புகள் போட்டு, சோடியத்துக்கு எழுதிப் பழகுகிறாள்: 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹. கடைசியில் தனியாக நிற்கும் அந்த ஒற்றை எலக்ட்ரான்தான், ரசம் பொங்கிய அடுப்பில் மஞ்சளாக எரிவது.